படகு இயந்திரத்தின் ஒலியும் அதன் நோயறி முறையும்

இயந்திரம் எதுவாயினும் அஃது இயங்குங்கால் ஒலி எழுப்புதல் இயல்பு. தையற் பொறியும், மாவரைக்கும் பொறியும், புகைவண்டியும் தத்தமக்குரிய ஒலியை உடையன. அவ்வொலியோடு நாள்தோறும் பழகியவர், அது சிறிது வேறுபட்ட மாத்திரத்தில், "ஏதோ கோளாறு" என்று தலை நிமிர்கின்றனர். ஏதோ ஒன்று என்று அறிதல் எளிது. இன்னது என்று அறிதல் அரிது. அவ்வரிய பகுதிக்கு ஒழுங்கான முறை ஒன்று உண்டு. பாய்மரப் படகின் வயிற்றுள் வைத்த டீசல் இஞ்சினுக்கும், நீருக்குள் சுழலும் விசிறிக்கும் இடையே உள்ள உறுப்புக்களில் எழும் ஒலியை எடுத்துக்கொண்டு, அம்முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

புதுச்சேரியினின்று வடக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோட்டக்குப்பத்தையும் சின்ன முதலியார்சாவடியையும் கடந்தால், பெரிய முதலியார்சாவடி என்னும் ஊர் வரும். 1968-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆரோவில்லுக்குச் செல்வோர் சாலையை விட்டுத் திரும்பும் இடமாகப் பலர் அதனை அறிவர். ஆயினும் அதன் கிழக்கெல்லை கடல். அக்கடலை நம்பி வாழும் மீனவர் அங்கு உளர். அக்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. திறந்த மணற்கரையினின்றே அலையைப் பிளந்து படகை இறக்குதல் வேண்டும். முற்காலத்தில் கட்டுமரத்திற்குப் பாயே துணையாயிற்று. விடியுமுன் நிலத்தினின்று வீசும் காற்று மரத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும். பிற்பகலில் கடலினின்று வீசும் காற்று அதனைக் கரைக்குக் கொண்டு சேர்க்கும்.

இந்நிலை பின்னர் மாறிற்று. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாய்க் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், திறந்த கரையில் ஏறி இறங்கத்தக்க டீசல் படகுகளை வகுப்பதில் பல ஆண்டு முயன்றது. அவற்றுட் சிலவற்றில் இஞ்சினும் தண்டும் விசிறியும் ஒருங்கே சாய்ந்து உயரும்படி அமைக்கப்பட்டன. கரை சேருங்கால் விசிறி மணலில் மோதாமற் காப்பதே அவ்வமைப்பின் நோக்கம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமிக்குப் பின்னர்க் கண்ணாடி நாராலாகிய பைபர் படகுகள் சோழமண்டலக் கரையெங்கும் பெருகின. பாய் அருகிற்று, இஞ்சின் நிலைத்தது. கரைக்குப் பல மைல் அப்பால் இஞ்சின் நின்றுவிடின், பாயில்லாத படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே செல்லும். ஆதலின் இஞ்சின் ஒலியில் தோன்றும் முதல் வேறுபாட்டைப் பொருளறிந்து கேட்டல், அன்றைய வருவாயைக் காப்பதோடு உயிரையும் காக்கும் வித்தையாம்.

இக்கரைப் படகுகள் பலவற்றில் உள்ள நீண்ட வாலுடைய இஞ்சின், இவ்வித்தை கற்பார்க்கு ஒரு திறந்த புத்தகம் போன்றது. இஞ்சின் படகின் பின்புறத்தில் ஓர் அச்சின்மேல் அமர்ந்திருக்கும். அதனின்று நீண்ட தண்டு ஒன்று பின்னே சாய்ந்து நீருக்குள் இறங்கும். தண்டின் நுனியில் விசிறி உண்டு. ஓட்டுபவர் இஞ்சினைச் சாய்த்து விசிறியை நீருக்கு மேலே தூக்கினால், சுமையில்லாத ஒலி கேட்கும். விசிறியை நீரில் இறக்கினால், சுமையேற்ற ஒலி கேட்கும். முன்னதில் இல்லாத இரைச்சல் பின்னதில் தோன்றின், அது சுமையால் வெளிப்படும் குற்றம் என்று அவர் உணர்வார். இவ்வாறு ஒன்றை மாத்திரம் மாற்றிப் பிறவற்றை மாற்றாது விட்டு, இரண்டு ஒலிகளை ஒப்பிடுதலே நாம் கூறப்போகும் முறைக்கு வேர்.

பாய்மரப் படகிலோ இவ்வுறுப்புக்கள் கண்ணுக்குப் புலப்படா. பாய்மரச் செலவு உலகில் அற்றுப்போகவில்லை என்பதை யாவரும் அறிவர். புதுச்சேரியைச் சார்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சார்ந்த தில்னா என்னும் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர், 17 மீட்டர் நீளமுள்ள தாரிணி என்னும் பாய்மரப் படகில் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவினின்று புறப்பட்டு, பாயின் வலிமையாலேயே உலகை வலம் வந்து, 2025-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் மீண்டனர். நெடுங்கடல் செல்லும் இத்தகைய படகுகளிலும் சாதாரணமாய் ஒரு டீசல் இஞ்சின் இருக்கும். துறைமுகத்துள் நுழையவும், காற்றில்லாப் போது நகரவும், மின்கலங்களுக்கு மின்சாரம் ஏற்றவும் அது பயன்படும். அது படகின் அடியில், பலகையால் மூடிய சிற்றறையில் ஒடுங்கியிருக்கும். அதன் ஒலியைக் கேட்பவர், கதவுக்கு வெளியே நின்று நோயாளியின் இருமலைக் கேட்பவரை ஒப்பர்.

இனி அவ்வறையினுள் உள்ள உறுப்புக்களை முன்னிருந்து பின்னாய் எண்ணுவோம். முதலாவது இஞ்சின். அதன் பின்முகத்தில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம். அச்சக்கரத்தோடு பொருந்தியது, சிறு வில்களை உடைய அதிர்வடக்கும் தட்டு. அதனை அடுத்தது, முன்னோக்கிச் செல்லவும், நிற்கவும், பின்னோக்கிச் செல்லவும் உதவும் கியர்ப்பெட்டி. இஞ்சினின் வேகத்தைக் குறைத்துத் தண்டிற்கு அளிப்பதும் அதுவே. கியர்ப்பெட்டியின் பிளாஞ்சும் தண்டின் பிளாஞ்சும் போல்ட்டுகளால் முடுக்கப்பெறும் இடம் கப்ளிங். பின்னர் நீண்ட சுழல்தண்டு. தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில், நீர் உட்புகாதபடி காக்கும் பாக்கிங் பெட்டி. வெளியே, தண்டைத் தாங்கும் பேரிங். அதன் உட்புறம் வரியோடிய ரப்பராலானது. எண்ணெய் வேண்டாது கடல்நீரையே வழுக்கும் பொருளாய்க் கொள்வது. இறுதியில் விசிறி. இவ்வெட்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

இவற்றுள் எது குறைபாடு உடையது என்பதைக் காது மாத்திரம் கொண்டு கூறுதல் ஏன் அரிது? ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். நீரில் 1500 மீட்டர் அளவில் செல்லும். எஃகிலோ 5000 மீட்டருக்கும் மேற்படச் செல்லும். ஆதலின் விசிறியில் பிறந்த தட்டொலி தண்டின் வழியே ஓடி, இஞ்சின் அறையையும் படகின் பலகைகளையும் ஒருங்கே அதிர்வித்துவிடும். மேலும், டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. ருடால்ப் டீசல் 1892-ல் உரிமை வேண்டி, 1897-ல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் வெற்றியுற இயக்கிக் காட்டிய பொறியில், காற்றை மிக அழுத்தி அவ்வெப்பத்தாலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். எண்ணெய் சட்டெனப் பற்றுதலால் உருளைக்குள் அழுத்தம் திடீரென உயர்ந்து, சுத்தியலால் அடித்தாற்போன்ற ஒலி இயல்பாகவே எழும். அப்பேரொலி பிற ஒலிகளை மறைக்கும்.

ஆதலின் முதற்கண் காதிற்கு உதவி செய்தல் வேண்டும். பாரிஸ் நகர மருத்துவர் லென்னெக் என்பார் 1816-ல் சுருட்டிய காகிதத்தை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு, பின்னர் மரக்குழலால் ஸ்டெதஸ்கோப்பை அமைத்தார். இஞ்சின் பழுது பார்ப்போர் நீண்ட திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பதும் அம்முறையே. மரக்கோலும் போதும். பிளைவீல் உறையில், கியர்ப்பெட்டியின் முன்புறத்தில், பின்புறத்தில், பாக்கிங் பெட்டிக்கு அருகில் என்று ஒவ்வோரிடத்தும் கோலை ஊன்றி, எங்கே ஒலி மிகக் கூர்மையாய் உள்ளது என்று நோக்குக. சுழலும் தண்டில் மாத்திரம் கோலை வைத்தலாகாது.

இதனினும் சிறந்தது, ஒலி எப்பொழுது தோன்றி எப்பொழுது மறைகின்றது என்று சோதித்தல். "கடகட" என்பதும் "ணங்" என்பதும் கேட்போர்தோறும் வேறுபடும். தோன்றுதலும் மறைதலும் எவர் கேட்பினும் ஒன்றே. ஆதலின் ஒலிக்குப் பெயரிடுவதில் காலங்கழியாது, கீழ்க்காணும் நான்கு சோதனைகளை வரிசையாய்ச் செய்க.

முதலாவது, படகைக் கட்டிவைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, இஞ்சினை மெதுவாய் ஓட்டுக. அப்பொழுது கப்ளிங்கும் தண்டும் விசிறியும் வேலையின்றி நிற்கும். இஞ்சின், அதிர்வடக்கும் தட்டு, கியர்ப்பெட்டியின் முற்பகுதி ஆகியவையே இயங்கும். குற்றவொலி கேட்குமாயின், அஃது இம்மூன்றனுள் ஒன்றினது. மெதுவாய் ஓடுங்கால் கடகடத்து, வேகம் ஏற ஏற மறையும் ஒலி பெரும்பாலும் அதிர்வடக்கும் தட்டினுடையது. அதன் வில்கள் தளர்ந்திருக்கும் அல்லது முறிந்திருக்கும். ஆயின் இஞ்சினை மிகத் தாழ்ந்த வேகத்தில் ஓடவிட்டாலும் இதே ஒலி எழக்கூடும். ஆதலின் தட்டைக் கழற்றுமுன், செய்தோர் நூலிற் கூறிய வேகத்திற்கு உயர்த்திப் பார்த்தல் அறிவுடைமை.

இரண்டாவது, படகைக் கயிற்றால் உறுதியாய்க் கட்டியபடியே, முன்னோக்கும் கியரை மெதுவாய்ப் போடுக. பின்னர் நியூட்ரலுக்கு வந்து, பின்னோக்கும் கியரைப் போடுக. கியர் மாறுந்தோறும் "ணங்" என்று ஒரே ஒரு தட்டு கேட்பின், கப்ளிங்கின் போல்ட்டுகளையும், இஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளையும், விசிறியின் சாவியையும் பார்த்தல் வேண்டும். இவற்றுள் கப்ளிங்கின் தளர்வை அற்பமென்று எண்ணற்க. அது முற்றும் கழன்று, பின்னோக்கிச் செல்லுங்கால் தண்டு வெளியே இழுபட்டுப் போயின், தண்டளவு துளையொன்று கடல்நீருக்கு வாயிலாகிவிடும். இனி, ஒரு கியரில் இரைந்து மற்றதில் இரையாதிருப்பின், குற்றம் கியர்ப்பெட்டிக்குள் இருத்தல் கூடும். அதன் எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்க்க. பளபளக்கும் உலோகத் துகள் தேய்மானத்தைக் காட்டும். பால்போன்ற வெண்மை நீர் கலந்ததைக் காட்டும். தீய்ந்த நாற்றம் உள்ளே வழுக்கிச் சுழல்வதைக் காட்டும்.

மூன்றாவது, படகை ஓட்டிச் சென்று, வேகத்தைச் சிறிது சிறிதாய் உயர்த்துக. ஒரு குறித்த வேகத்தில் மாத்திரம் படகு முழுதும் நடுங்கி, அதற்கு மேலும் கீழும் அடங்குமாயின், அஃது உறுப்பொன்றின் இயல்பான அதிர்வோடு இஞ்சினின் அதிர்வு ஒத்துப்போவதால் நேர்வது. வேகத்தோடு நடுக்கமும் தொடர்ந்து வளருமாயின், வளைந்த தண்டையோ, சிதைந்த விசிறியையோ, அதிற் சுற்றிய வலைத் துண்டையோ ஐயுறுக. விசிறியருகே சரளைக்கல் உருள்வது போன்ற ஒலி கேட்பின், அஃது இதழ்களின்மேல் நீராவிக் குமிழிகள் தோன்றி உடைவதால் எழுவது; சிப்பி படிந்த விசிறியிலும் வளைந்த இதழிலும் இதனை மிகுதியாய்க் காணலாம்.

நான்காவது சோதனையே பாய்மரப் படகிற்குத் தனிச் சிறப்பாய் வாய்த்தது. பாயை விரித்து, இஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விடுக. படகு காற்றால் ஓட, நீரின் வேகம் விசிறியையும் தண்டையும் சுழற்றும். இஞ்சினின் பேரொலி இல்லாத அமைதியில், பின்பகுதியின் ஒலி மாத்திரம் தனியே கேட்கும். இப்பொழுதும் அவ்விரைச்சல் நிலைக்குமாயின், அது கியர்ப்பெட்டியின் பிற்பகுதி முதல் விசிறி வரையில் உள்ள உறுப்புக்களில் உள்ளது என்பது தெளிவு. மறைந்துவிடினும் அப்பகுதி முற்றும் குற்றமற்றது என்று முடிவு செய்தலாகாது, என்னை? நீர் சுழற்றும் தண்டு இஞ்சினின் சுமையைத் தாங்குவதில்லை. சில கியர்ப்பெட்டிகளை இவ்வாறு நெடுநேரம் சுழலவிடல் கூடாதென்று செய்தோரே விதித்திருப்பர். ஆதலின் நூலைப் பார்த்துச் சோதனையைச் சுருக்கமாய் முடிக்க. பாயுள்ள படகு தன் நோயைத் தானே பிரித்துக் காட்டவல்லது. பாயை இழந்த படகோ திரும்பி வரும் வழியோடு இந்தச் சோதனையையும் இழந்தது.

நம் மாணவர் சிலர், ஒலியின் அதிர்வெண்ணைக் கருவியால் அளந்தால் குற்றத்தை உடனே அறியலாமே என்று வினவக்கூடும். இக்காலத்துக் கைப்பேசியே அதனை அளக்கும். ஆயினும் ஒரு கணக்கை நோக்குக. மூன்று உருளைகளை உடைய நான்கடி இஞ்சின், நிமிஷத்திற்கு 2400 சுற்றுச் சுற்றுகின்றது என்று கொள்வோம். அது வினாடிக்கு 40 சுற்று. ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிதலின், மூன்றும் சேர்ந்து வினாடிக்கு 60 முறை எரியும். கியர்ப்பெட்டி வேகத்தைப் பாதியாக்குமாயின், தண்டு வினாடிக்கு 20 சுற்றுச் சுற்றும். விசிறிக்கு மூன்று இதழ் இருப்பின், வினாடிக்கு 60 இதழ்கள் படகின் அடிப்புறத்தைக் கடந்து நீரை உதைக்கும். இஞ்சினின் எண்ணும் 60. விசிறியின் எண்ணும் 60! கருவி காட்டிய எண் ஒன்றே, பிறப்பிடமோ இரண்டு. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் விசிறியின் ஒலி ஒழியும்; இஞ்சினின் ஒலி தங்கும். ஒரு கைப்பிடியின் அசைவு தீர்த்துவைக்கும் ஐயத்தை எண் மாத்திரம் தீர்க்கவில்லை. எண் வேண்டாம் என்பதன்று இதன் கருத்து. சோதனையோடு சேர்ந்தபோதே எண் சான்றாகும்.

குற்றம் தண்டின் பகுதியில் என்று தெளிந்தபின், இஞ்சினை நிறுத்தி, அது தற்செயலாய்க் கிளம்பாதவாறு சாவியை எடுத்து, கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றுக. இதனைப் படகு நீரில் மிதக்கும்போதே செய்தல் வேண்டும். கரையேற்றிய படகின் உடல் சிறிது வடிவு மாறியிருக்கும். இரண்டு பிளாஞ்சுகளையும் நெருங்கக் கொணர்ந்து, இடைவெளியை மேலும் கீழும் இருபுறமும் பீலர் கேஜினால் அளக்க. பிளாஞ்சின் குறுக்களவு ஓர் அங்குலத்திற்கு, இடைவெளி வேறுபாடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்பது வழக்கிலுள்ள கணக்கு. நான்கங்குலப் பிளாஞ்சிற்கு இது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். பின்னர்த் தண்டின் பிளாஞ்சை மாத்திரம் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடியும் அளக்க. அகன்ற இடைவெளி முன்னிருந்த பக்கத்திலேயே நின்றால், இஞ்சினும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. இஞ்சினின் தாங்கிகளைத் திருத்தல் வேண்டும். அவ்விடைவெளி தண்டோடு சேர்ந்து சுற்றி மறுபக்கம் சென்றால், தண்டு வளைந்துள்ளது, அல்லது பிளாஞ்சு கோணியுள்ளது. இவ்வரைச் சுற்றைச் செய்யாது விட்டவர், வளைந்த தண்டிற்காக இஞ்சினை நாள்முழுதும் நகர்த்திக்கொண்டிருப்பர்.

படகைக் கரையேற்றியபின், விசிறியருகே தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் புலப்படுமாயின் ரப்பர் பேரிங் தேய்ந்தது. நம் கரையில் இத்தேய்வுக்கு மணலே பெருங்காரணம். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980-களின் பிற்பகுதியில் எழுந்த பின்னர், கரையை ஒட்டி வடக்கே செல்லும் மணல் தடைப்பட்டு, அதற்கு வடக்கிலுள்ள ஊர்களின் கரை அரிப்புண்டது. கரை குறுகிய இடத்தில் அலையோடு மல்லாடிக் கரை சேரும் படகின் விசிறி, மணல் கலங்கிய நீரிலேயே சுழல நேரும். அம்மணல் ரப்பரின் வரிகளுக்குள் புகுந்து, தண்டை அரத்தால் அராவுவது போல் அராவும். உப்பின் செயலும் இதனை ஒத்ததே. மரக்காணத்து உப்பளங்களில் வெயில் கடல்நீரை வற்றச்செய்து உப்பை விளைவிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். பாக்கிங் பெட்டியை ஒரு துளியும் ஒழுகாதபடி இறுக்கினால், அங்கும் தண்டின் வெப்பத்தால் ஒரு சிற்றுப்பளம் விளையும்; அவ்வுப்பு மணிகள் தண்டைக் கீறும். கயிறு திணித்த பழைய முறைப் பெட்டியில், தண்டு சுழலுங்கால் நிமிஷத்திற்குச் சில துளி நீர் சொட்டுதலே நலம். வறண்ட பெட்டி கிறீச்சிடும்; தொட்டாற் சுடும்.

எச்சரிக்கை ஒன்று கூறுதும். சுழலும் தண்டின் அருகே வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு, விரிந்த கூந்தல் ஆகியவற்றோடு குனிதல் கூடாது. இஞ்சினை ஓட்டிச் செய்யும் சோதனைகளில் ஒருவர் கேட்க, மற்றொருவர் நிறுத்துங் கைப்பிடியருகே நிற்றல் வேண்டும்.

முடிவாய், வரிசையின் பயனைக் கருதுக. எண்ணெய் பார்த்தலுக்குச் செலவில்லை. போல்ட்டை முடுக்குதற்கு ஒரு ஸ்பானர் போதும். விசிறியில் சிக்கிய வலையை அறுக்க ஒரு கத்தி போதும். ரப்பர் பேரிங்கின் விலை இஞ்சினைப் பிரித்துக் கட்டும் கூலியோடு ஒப்பிடச் சிறிது. இவற்றையெல்லாம் விடுத்து, பேரொலி கேட்ட அச்சத்தால் முதலிலேயே இஞ்சினைப் பிரிப்பவர், பணத்தையும் மீன்படும் நாட்களையும் ஒருங்கே இழப்பர். பிரித்துக் கட்டிய இஞ்சினோடு பழைய ஒலியும் திரும்பி வரும். நம் கல்லூரியில் பௌதிகம் பயில்வோர், ஒத்ததிர்வையும் அதிர்வெண்ணையும் வகுப்பில் கணக்கிடுகின்றனர். விடுமுறையில் ஒரு நாள் கடற்கரைக்குச் சென்று, படகோட்டியின் அனுமதி பெற்று, ஒரு மரக்கோலை இஞ்சினின்மேல் ஊன்றிக் கேட்பாராக. ஒலியை நாள்தோறும் கேட்டு அறிந்தவர் அவர். அதன் காரணத்தை நூலிற் கற்றவர் இவர். இருவரும் அருகருகே அமர்ந்து கேட்பாராயின், ஒருவர்க்கொருவர் ஆசிரியராதல் திண்ணம்.